மென்பொருளுக்கு முன் பதிவேடு: நாடு தழுவிய மின்னணு சுகாதாரத் திட்டமிடல் பயிற்சி குறித்த கேள்வி பதில்

அரசு சுகாதார அலுவலர்களுக்கு நாடு தழுவிய மின்னணு சுகாதார அமைப்பைத் திட்டமிடக் கற்பிக்கும் வகுப்புகளில் சில ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். அது பற்றிப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்கள் இவை.

கேள்வி (மாவட்ட சுகாதார அலுவலர், தமிழ்நாடு): ஐயா, நான் பொதுச் சுகாதாரம் படித்த மருத்துவர். இந்தப் பயிற்சிக்கு என் பெயரை அனுப்பியிருக்கிறார்கள். நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்குமா?

பதில்: தேவையில்லை. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2012-இல் சேர்ந்து வெளியிட்ட திட்டமிடல் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரு நாட்டின் மின்னணு சுகாதாரச் சூழலை அது ஏழு கூறுகளாகப் பிரிக்கிறது: தலைமையும் ஆளுகையும், உத்தியும் முதலீடும், சட்டமும் கொள்கையும், பணியாளர், தரநிலைகள், உள்கட்டமைப்பு, சேவைகளும் செயலிகளும். இவற்றில் முதல் நான்கும் நீங்கள் அன்றாடம் கையெழுத்திடும் கோப்புகளில் இருப்பவையே. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதை வேறு யாரும் உங்களுக்காகச் சொல்ல மாட்டார்கள், குறிப்பாக விற்க வருபவர்.

கேள்வி (சுகாதாரப் பொருளாதார மாணவி): ஆலோசகர்களை அமர்த்தித் திட்டத்தை எழுதி வாங்கிக்கொள்ளலாமே? அலுவலர்களுக்கு எதற்குத் தனியாகப் பயிற்சி?

பதில்: 2012 ஜனவரியில் உகாண்டாவில் நடந்ததை வகுப்பில் முதலில் சொல்வது என் வழக்கம். அங்கே வெளிநாட்டு நிதியில் ஆளுக்கொரு கைபேசிச் சுகாதாரத் திட்டத்தை ஆளுக்கொரு மாவட்டத்தில் சோதனை முயற்சியாக நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் தரவு மற்றொன்றுக்குப் போகாது, நிதி தீர்ந்ததும் திட்டமும் தீர்ந்துவிடும். சுகாதார அமைச்சகம் ஒரு கடிதம் அனுப்பி, தன் ஒப்புதல் இல்லாமல் நடக்கும் அத்தகைய முயற்சிகளை நிறுத்தச் சொன்னது. இலவசமாக வருவதை வேண்டாம் என்று மறுப்பதற்கு அமைச்சகத்துக்குள்ளேயே விவரம் தெரிந்தவர்கள் வேண்டும். ஆலோசகர் அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார்.

கேள்வி (கிராம சுகாதாரச் செவிலியர்): பதிவேட்டில் எழுதி, அதையே மறுபடியும் கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி இணையதளத்தில் ஏற்றி, மாதக் கடைசியில் தனியாக அறிக்கையும் கொடுக்கிறோம். மேலே உட்கார்ந்து திட்டம் போடுபவர்களுக்கு இது தெரியுமா?

பதில்: பெரும்பாலோருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் பதவி உயர உயர மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் என் வகுப்பில் முதல் நாள் கணினியைத் திறக்க விடுவதில்லை. ஒரு துணை சுகாதார நிலையத்தின் பதிவேடுகளை மேசையில் பரப்பி, ஒரே ஒரு கர்ப்பிணியின், இரத்தசோகையைக் காட்டும் ஒரே ஒரு ஹீமோகுளோபின் அளவை, 9.2 என்று வைத்துக்கொள்வோம், அது போகும் இடமெல்லாம் பின்தொடரச் சொல்வேன். முதலில் அது தாயின் அட்டையில் எழுதப்படுகிறது, பிறகு பதிவேட்டில், பிறகு இணையதளத்தில். மாதாந்திர அறிக்கையிலோ 11-க்குக் கீழ், 7-க்குக் கீழ் என்று தலையெண்ணிக்கைதான் கேட்கப்படுகிறது, ஆகவே 9.2 என்ற எண் மறைந்து, ‘11-க்குக் கீழ்’ என்ற கட்டத்தில் ஒரு கோடாகிவிடுகிறது. அடுத்த மாதம் அதே பெண்ணுக்கு 8.1 ஆகக் குறைந்திருந்தாலும் அங்கே மீண்டும் ஒரு கோடுதான்.

இதைக் கையால் வரைந்து பார்த்த இணை இயக்குநர் ஒருவர், இருபது ஆண்டுகளாக இந்த அறிக்கையில் கையெழுத்திடுகிறேன், இந்தப் பெண் எனக்கு ஒருநாளும் தென்பட்டதில்லை என்றார். மொத்த எண்ணிக்கை நிதி ஒதுக்குவதற்கு உதவும்; அந்தப் பெண்ணைத் தேடிப் போவதற்குத் தனிநபர் பதிவு வேண்டும். இரண்டையும் இரண்டு முறை தட்டச்சு செய்யவைக்காமல், ஒரே பதிவிலிருந்து எண்ணிக்கை தானாகக் கூடிவரும்படி கேட்பதுதான் திட்டமிடுபவரின் வேலை. எந்தப் பதிவேட்டை எந்தத் தேதியோடு நிறுத்தப்போகிறோம் என்று எழுதாத திட்டத்தை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கேள்வி (வைத்தியர், யாழ்ப்பாணம்): இலங்கையின் அனுபவத்தை உங்கள் வகுப்பில் எடுத்துச் சொல்வதுண்டா?

பதில்: கட்டாயம் சொல்வேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009-இல் உயிர்மருத்துவத் தகவலியலில் (மருத்துவத் தரவுகளைக் கணினியில் கையாளும் துறை) முதுமாணிப் படிப்பைத் தொடங்கி, அரச வைத்தியர்களையே தகவலியலாளர்களாக்கியது. அதன் பலன் 2020-இல் தெரிந்தது. ஜனவரி 27 அன்று நாட்டின் முதல் கொரோனா நோயாளி உறுதிசெய்யப்பட்ட நாள்களிலேயே, வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து கண்காணிக்கும் அமைப்பை, சுகாதாரத் தரவுகளைத் திரட்டும் டிஎச்ஐஎஸ்2 மென்பொருளில் உருவாக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகம் பராமரிக்கும் அந்தத் திறந்தமூல மென்பொருள் உலகெங்கும் பல நாடுகளில் இருக்கிறது. ஆனால் டெண்டர் அழைத்துக் காத்திராமல் அதில் கைவைக்கும் வைத்தியர்கள் இலங்கையில் இருந்தார்கள். ஆட்களைப் பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கியிருந்ததால் கிடைத்த வேகம் அது.

கேள்வி (தனியார் மருத்துவமனை நிர்வாகி): இந்தியாவில்தான் எல்லோருக்கும் 14 இலக்க ஆபா எண் (சுகாதாரக் கணக்கு எண்) வந்துவிட்டதே. இனி எல்லாத் தரவும் தானாக இணைந்துவிடாதா?

பதில்: 2020 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்டு, ஆறு ஒன்றியப் பிரதேசங்களில் முன்னோட்டம் பார்க்கப்பட்டு, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் விரிந்த மின்னணு சுகாதாரத் திட்டத்தின் ஒரு பகுதி அந்த எண். அதைப் பெறுவது அவரவர் விருப்பம். எனவே எண் இல்லாதவருக்கும் உங்கள் அமைப்பில் இடமிருக்க வேண்டும். மேலும், எண் ஆளை அடையாளம் காட்டும், தரவின் பொருளைச் சொல்லாது. ‘சர்க்கரை 126’ என்று ஒரு மருத்துவமனை அனுப்பினால், அது வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததா? முதலாவது நீரிழிவுக்கான அளவு, இரண்டாவது இயல்பான அளவு. நோய்ப் பெயருக்கு ஐசிடி, பரிசோதனைக்கு லாயின்க், தகவல் பரிமாற்றத்துக்கு ஃபையர் எனப் பன்னாட்டுத் தரநிலைகளை வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கேள்வி (நிதித்துறை அலுவலர்): மதிப்பீட்டில் பெரும்பாலும் எது விடுபடுகிறது?

பதில்: நான்காம் ஆண்டு, அதாவது எல்லாம் வாங்கி முடித்த பிறகு வரும் தொடர்செலவு. கணினி வாங்கப் பணம் இருக்கும். பேட்டரி மாற்றவும், இணையக் கட்டணம் செலுத்தவும், புதிதாகச் சேர்ந்த செவிலியருக்குக் கற்றுக்கொடுக்கவும் கணக்குத் தலைப்பே இருக்காது.

கேள்வி (ஓய்வுபெற்ற மருத்துவ அலுவலர்): பயிற்சி முடித்தவரை ஆறே மாதத்தில் வேறு துறைக்கு மாற்றிவிடுகிறார்கள். இதற்கு வழி உண்டா?

பதில்: முழுமையான வழி என்னிடம் இல்லை, ஐயா. ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள் என்று துறைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். திட்ட அலுவலர், நிதிப் பிரிவிலிருந்து ஒருவர், புள்ளிவிவரப் பிரிவிலிருந்து ஒருவர் என மூவராக அனுப்பினால், ஒருவர் மாறினாலும் மற்ற இருவருக்குக் கோப்பின் கதை தெரிந்திருக்கும். எடுத்த முடிவை மட்டும் எழுதாமல், எவற்றை ஏன் நிராகரித்தோம் என்பதையும் கோப்பில் எழுதச் சொல்கிறேன். இல்லையென்றால் புதிதாக வருபவரிடம் பழைய விற்பனையாளர் அதே மென்பொருளோடு மறுபடியும் வந்து நிற்பார்.