ஓ.எல். கணிதத்தில் 'எஸ்' மட்டும்தான், தாதியாக வேறு வழி இருக்கா?

கேட்டிருப்பவர் களுவாஞ்சிகுடித் தங்கச்சி ஒருவர். ஏ.எல். உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஓ.எல். கணிதத்தில் 'எஸ்', அதாவது சாதாரண சித்தி. "கணிதம் தேவையில்லை, ஒரே வருடத்தில் நர்சிங் டிப்ளோமா" என்று ஒரு தனியார் நிலையம் சொல்கிறதாம். சேரலாமா என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, காசு கட்ட முன்னம் இதை ஒருக்கா வாசியுங்கள். எனக்கும் இதே பெறுபேறுதான் வந்தது. நான் விண்ணப்பிக்க நினைத்த ஆண்டு வர்த்தமானியில் கணிதத்துக்குத் திறமைச் சித்தி, அதாவது 'சி', கேட்டிருந்தார்கள். மனம் உடைந்துபோய், அம்மாவின் காப்பை அடகு வைத்து இப்படி ஒரு நிலையத்தில் சேர்ந்தேன். வருடம் முடியத் தந்த சான்றிதழைக் கொண்டு எங்கேயும் தாதியாகப் பதிய முடியவில்லை. இலங்கையில் தாதி என்று வேலை செய்ய இலங்கைத் தாதியர் சபையில் பதிவு வேண்டும். அதற்கு 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. ஆகவே அந்த நிலையத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதை முடித்தால் தாதியர் சபையில் பதியலாமா?" என்பதுதான். வாயால் சொல்வதை நம்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

உண்மையான மாற்று வழி என்றால் என்.வி.கியூ., அதாவது தேசிய தொழில் தகைமை முறை தான். தாதி உதவியாளர், பராமரிப்பாளர் பயிற்சிகளை அந்த முறையில் படிக்கலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், நைற்றா (NAITA) என்ற அரச பயிற்சி நிறுவனத்திலும் விசாரியுங்கள். தனியார் இடமென்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா என்று பார்க்க வேணும். என்.வி.கியூ. நான்காம் மட்டச் சான்றிதழ் கையில் இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ வேலை தேடலாம். நல்ல வேலை, மரியாதையான வேலை. ஆனால் அது உதவியாளர் வேலை. அதைத் தாதி என்று சொல்லி உங்களிடம் விற்க யாரையும் விடாதீர்கள்.

நான் பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளராக நின்றேன். கணிதத்தைப் பற்றிய என் எண்ணம் மாறியது அங்கேதான். ஒரு இரவு மூத்த தாதி மிஸ் ஒருவர் என்னைக் கட்டிலருகே கூப்பிட்டு, சேலைன் குழாயைக் காட்டி, "1000 மில்லிலீற்றர், எட்டு மணித்தியாலத்தில் முடிய வேணும். நிமிடத்துக்கு எத்தனை துளி?" என்றார். நான் முழித்தேன். கையுறைப் பெட்டியின் பின்பக்கத்தில் அவரே எழுதிக் காட்டினார். இந்தக் குழாயில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி, ஆக மொத்தம் 20,000 துளி. எட்டு மணித்தியாலம் என்பது 480 நிமிடம். வகுத்தால் 42க்குக் கிட்ட வரும். அப்புறம் கைக்கடிகாரத்தைத் துளிக்குப் பக்கத்தில் பிடித்து, கால் நிமிடத்துக்குப் பத்து, பதினொரு துளி விழும்வரை குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தை விரலால் மெல்ல உருட்டினார். பெருக்கலும் வகுத்தலும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஆனால் அதில் பிழைத்தால் படுக்கையில் கிடப்பவரின் உடம்புதான் தாங்க வேணும்.

இப்போது நான் ஆஸ்பத்திரியின் சிறுவர் விடுதியில் தாதியாக வேலை செய்கிறேன். 12 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம்படி பரசிற்றமோல் என்றால் 180 மில்லிகிராம். எங்களிடம் உள்ள மருந்துப் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் இருக்கிறது, ஆகவே 7.5 மில்லிலீற்றர். ஓ.எல். விகிதசமன்தான் இது. கணிதத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாலும் மருந்துத் தட்டுக்குப் பக்கத்தில் அது நமக்காகக் காத்துக்கொண்டுதான் நிற்கும்.

அதனால் என் யோசனை, உதவியாளர் பயிற்சியில் சேருங்கள், கூடவே கணிதத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதுங்கள். நான் அப்படித்தான் 'சி' எடுத்தேன். 'எஸ்' என்றால் 35க்கும் 49க்கும் இடையில் எங்கோ நிற்கிறீர்கள், 'சி'க்கு 50 போதும். முதலாம் வினாத்தாளின் 25 சிறு வினாக்களுக்குத் தலா 2 புள்ளி, அங்கேதான் அதிகம் சேர்க்கலாம். நான் பின்னம், விகிதம், சதவீதம், வட்டி, தொடை, வரைபு, புள்ளிவிபர அட்டவணையில் இடை காண்பது ஆகியவற்றை மட்டும் பழைய வினாத்தாள்களை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்தேன். கேத்திரகணித நிறுவல்களைத் தொடவே இல்லை. ரியூசன் மாஸ்டர் ஏசினார், ஆனால் எனக்கு அதுதான் சரியாக வந்தது.

பிறகு அடுத்த வர்த்தமானிக்கு விண்ணப்பித்து, நேர்முகம் போய், மட்டக்களப்பிலேயே தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன். அம்பாறையிலும் ஒன்று இருக்கிறது. வர்த்தமானி வரும்போது வயதெல்லையையும், ஓ.எல். எத்தனை தடவைக்குள் என்பதையும் சொல் சொல்லாக வாசியுங்கள். ஆண்டுக்கு ஆண்டு நிபந்தனை மாறும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் ஏ.எல். இசற் (Z) புள்ளி நன்றாக இருந்தால் கிழக்குப் பல்கலைக்கழகத் தாதியியல் பட்டத்தையும் பாருங்கள். இல்லாவிட்டாலும் கவலையில்லை, தாதியான பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் செய்யலாம்.

இன்றைக்கே கொப்பி எடுத்து ஒன்று செய்து பாருங்கள்: 500 மில்லிலீற்றர், ஐந்து மணித்தியாலம், அதே 20 துளிக் குழாய். 33 வர வேணும்.