நடுவில் நிற்கும் மண்டோர்

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (ஆட்களை மேற்பார்க்கும் மேஸ்திரியாக) இருக்கிறேன். என் கீழ் வேலை செய்யும் 14 பேரும் வங்காளதேசத்து ஆட்கள். போன மாதம் மேனேஜர், “சம்பளத்தில் ஆளுக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) பிடிக்கிறோம், சொல்லிடு” என்றார். காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும்போது) மலாயில் சொன்னேன். ஒரு பையன் எதற்கு என்று கேட்டான். பிரச்சினை வேண்டாமே என்று, ஆபீஸில் “எல்லாரும் சரின்னுட்டாங்க” என்று சொல்லிவிட்டேன். மனசு உறுத்துகிறது. தப்பா?
(வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: தப்புதான் தம்பி. மேனேஜர் பெரட்டுக்கு வருவதில்லை, அந்தப் பையனால் ஆபீஸ் படி ஏற முடியாது, இரண்டு பக்கமும் பேச்சைக் கொண்டுபோக இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

என் பாட்டி ரப்பர் மரம் சீவினவர். சம்பள நாளில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் பெருவிரலை மையில் ஒற்றி அழுத்துவார், அந்த வரியில் என்ன எழுதியிருந்தது என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது. துரையிடம் கேட்க வேண்டியதைக் கங்காணியிடம்தான் சொல்லணும், அவர் போய்ச் சொன்னாரா, எப்படிச் சொன்னார், யார் கண்டது? 1938-இல் மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்ப இந்திய அரசு தடை போட்டதும் கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் கூட்டி வருவது நின்றது. ஆனால் அந்த நடுவிடம் அப்படியே இருக்கிறது, இப்போது அதில் நாமே நிற்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்று. மலாயில் ‘பாஹாம்?’ (புரிந்ததா?) என்று கேட்டால் ‘பாஹாம், போஸ்’ என்றுதான் பதில் வரும். பெர்மிட்டும் தங்கும் இடமும் முதலாளி கையில் இருக்கும்போது வேறென்ன சொல்வார்கள்? புரிந்ததா என்று கேட்காமல், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மலாய் நன்றாக வருகிற ஒருவர் மற்றவர்களுக்குப் பெங்காலியில் விளக்கட்டும், அதுவரை அவசரப்படுத்தாமல் நில்லுங்கள்.

அப்புறம் அந்த 80 வெள்ளி. பையன் கேட்டது நியாயமான கேள்வி. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. சில பிடித்தங்களுக்குத் தொழிலாளியே எழுத்தில் கேட்டிருக்கணும், சிலவற்றுக்கு அதோடு தொழிலாளர் இலாகாவின் அனுமதியும் வேண்டும். ஆகவே மேனேஜரிடம் போய், எதற்குப் பிடித்தம் என்று ஆட்கள் கேட்கிறார்கள், எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். பையன் பெயரை இழுக்காதீர்கள், 14 பேருக்குமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் லேபர் ஆபீஸ் இருக்கிறது.

அதற்கு முன்னால் அவனைத் தனியே பார்த்து, அன்றைக்கு உன் கேள்வியை நான் கொண்டுபோகவில்லை, இன்றைக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.