ஒரே அடியில சாகடிக்கிறான், அண்ணே!

பகலில் மண்டபத்து ஐஸ் கம்பெனியில் கணக்கு, ராத்திரியில் கேம். வாசகர் கேள்விகளுக்கு நம் அண்ணன் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணே, தடைக்காலம். படகைக் கரையேத்தியாச்சு. பகல் பூரா அடியில ஒட்டியிருக்க கொட்டலசைச் சுரண்டுறதும் பெயிண்ட் அடிக்கிறதும்தான் வேலை. ராத்திரியானா ஸ்கைரிம் கேம். நார்டு வீரன், லெவல் 34, கையில வாளும் கேடயமும், உடம்பு பூரா இரும்பு. டிராகனையே சாய்ச்சிருக்கேன். ஆனா குகைக்குள்ள அங்கி போட்ட ஒரு மந்திரவாதி ரெண்டு கையையும் நீட்டுனான்னா ரெண்டே வீச்சு, ஆள் காலி. லெஜண்டரியில ஆடுறேன். கவசத்தை இன்னும் மெருகேத்தவா?
— விசைப்படகுத் தொழிலாளி, தங்கச்சிமடம்

பதில்: அந்த வேலையை விடுங்க தம்பி. ஸ்கைரிமில் கவச மதிப்பு வாள், அம்பு, கோடரி, பல், நகம் இதுகளுக்கு மட்டும்தான். தீயோ பனியோ மின்னலோ வந்தால் டிராகன் எலும்புக் கவசம் போட்டிருந்தாலும் ஒன்றுதான், கைலி கட்டிக்கொண்டு நின்றாலும் ஒன்றுதான். நீங்கள் காவல் போடாத பக்கமாகப் பார்த்து அவன் வருகிறான், அவ்வளவுதான் அவன் பெருமை.

இரண்டாவது காரணம் லெஜண்டரி. இது 2013-இல் வந்த 1.9 அப்டேட்டில் சேர்த்த கடின நிலை. எதிரி தரும் அடி 3 மடங்கு, நீங்கள் தரும் அடி கால் பங்கு. எதிரிக்கு மூளை ஒரு துளியும் கூடவில்லை, பெருக்கல் வாய்ப்பாடுதான் கூடியிருக்கிறது. எனக்கு இதன்மேல் மரியாதை கிடையாது. நான் எக்ஸ்பர்ட்டில் ஆடுகிறவன்: வாங்கும் அடி ஒன்றரை மடங்கு, கொடுக்கும் அடி முக்கால் பங்கு. ஆட்டத்தின் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம், யாரும் வந்து ஏன் என்று கேட்கப் போவதில்லை.

இல்லை, லெஜண்டரியில்தான் ஆடுவேன் என்றால், சேர்க்க வேண்டியது மந்திர எதிர்ப்பு. லார்டு என்கிற வரம் தரும் கல்லைத் தொட்டால் 25 சதவீதம். ரிஃப்டன் ஊரில் மாரா கோயிலுக்குப் போய் ‘காதல் புத்தகம்’ என்கிற வேலையை முடித்துக் கொடுத்தால் 15. அதில் வாளையே உருவ வேண்டாம், முழுக்க முழுக்கக் கல்யாணத் தரகர் வேலை. மார்கார்த்தில் கால்செல்மோ என்று ஒரு படித்த மனுசன். அவருக்கு ஃபாலீன் மேல் ஆசை, வாய் திறக்கத்தான் பயம். நீங்கள் யிங்வார் என்ற பாட்டுக்காரனிடம் 200 காசு அழுது ஒரு கவிதை வாங்கி, அதை அவர் பேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டிராகனைச் சாய்த்தவன் செய்கிற வேலையா என்று கூசாதீர்கள். அந்த 15 கடைசி வரைக்கும் கூடவே வரும். இதற்கு மேல் ஆல்டரேஷன் என்கிற மந்திரப் பிரிவில் இந்த எதிர்ப்புக்கான மூன்று படி ஏறினால் 30. மூன்றாவது படிக்குத் திறன் 70 வேண்டும். வாள்காரனுக்கு அது தூக்கம் வரவைக்கிற பாடு.

எல்லாம் கூட்டினால் 70. உச்சவரம்பு 85. இப்போது கணக்குப்பிள்ளையாகப் பேசுகிறேன்: 100 புள்ளித் தீ லெஜண்டரியில் 300 ஆகி வருகிறது. 70 சதவீதம் கழிந்தால் மிச்சம் 90. அதன்மேல் தீ எதிர்ப்பு 50 சதவீதம் தரும் மருந்தோ மோதிரமோ இருந்தால் மிச்சத்திலும் பாதி போய் 45. இரண்டு எதிர்ப்பும் ஒன்றோடொன்று கூடுவதில்லை, ஒன்று கழித்த மிச்சத்தில் மற்றது கழிக்கும். அதனால் ஒரே வகையைக் குவிக்காமல் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொள்வதுதான் லாபம்.

நீங்கள் நார்டு, பனிக்குப் பிறவியிலேயே 50 சதவீத எதிர்ப்பு உண்டு. அதிர்ஷ்டக்காரர். வேறு இனமாக இருந்தால் வாள்காரனுக்குப் பனிக்காரன்தான் முதல் சத்துரு: காலைத் தளர்த்தி, ஸ்டாமினாவை உறிஞ்சி, கிட்டவே வரவிடமாட்டான். தீ உருண்டையும் பனி ஈட்டியும் பறந்து வருகிற சாமான்கள், பக்கவாட்டில் நகர்ந்தால் தப்பலாம். மின்னல் அப்படியில்லை, கை நீட்டிய கணமே உங்கள் மேல் இருக்கும். ஆகவே மின்னல்காரனிடம் வெட்டவெளியில் ஓடிப் போகவே கூடாது.

தூணுக்குப் பின்னால் நில்லுங்கள். நீங்கள் கண்ணில் படாவிட்டால் தேடிக்கொண்டு அவனே வருவான். மூலை திரும்புகிற கணத்தில் கேடயத்தால் ஒரு முட்டு. கையில் திரண்ட வித்தை கலைந்துவிடும். அடுத்ததைத் திரட்டுமுன் வெட்டு, மறுபடி முட்டு. முட்டுக்கும் ஸ்டாமினா செலவாகும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்தில் நின்றால் ஆளைத் தள்ளுகிற ‘அன்ரிலென்டிங் ஃபோர்ஸ்’ கத்தல். மூன்று சொல்லையும் கத்தினால் 45 விநாடி வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். முதல் சொல்லை மட்டும் கத்தினால் 15 விநாடியில் மறுபடி தயார். அவன் தடுமாற அது போதும். தடுப்புத் திறன் 50 ஆனதும் ‘எலிமென்டல் ப்ரொடெக்ஷன்’ எடுங்கள். கேடயத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும்வரை தீ, பனி, மின்னல் மூன்றும் பாதியாகிவிடும்.

அப்புறம், நீங்கள் பகல் பூரா வைதுகொண்டே சுரண்டுகிற கொட்டலசு இந்த ஆட்டத்திலும் இருக்கிறது, நார்டிக் பார்னகிள் என்ற பேரில். தண்ணீருக்குள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். ஹேக்ரேவன் என்கிற பறவைச் சூனியக்காரியின் இறகோடு சேர்த்துக் காய்ச்சினால் மாஜிக்காவை, அதாவது வித்தை போடச் செலவாகும் சக்தியை, வற்றடிக்கும் விஷம். வாளில் தடவினால் ஒரு வெட்டுக்குத்தான் வரும், ரசவாதத் திறன் குறைவாக இருந்தால் ஒரு வெட்டில் முழுக்க வற்றவும் வற்றாது. நாலைந்து குப்பி கையில் இருக்கட்டும். மாஜிக்கா தீர்ந்த மந்திரவாதி இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு ஓடி வருவான் பாருங்கள், நீங்கள் மெருகேத்தின கவசத்துக்கு வேலை அப்போதுதான்.

கேள்வி: அண்ணா, வாப்பா துபாயிலிருந்து அனுப்பிய லேப்டாப்பில் பால்டர்ஸ் கேட் 3 ஆடுகிறேன். எங்கள் அணியில் நாலு பேர். எதிரி மந்திரவாதி முதல் சுற்றிலேயே தீக்குண்டு போட்டால் நாலு பேரும் ஒன்றாகக் கருகுகிறோம். அவர்கள் மட்டும் எப்போதும் முந்திக்கொள்வது எப்படி?
— கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: நாலு பேரும் ஒன்றாகக் கருகுகிறீர்கள் என்றால் நாலு பேரும் ஒன்றாக நிற்கிறீர்கள் என்று அர்த்தம் தங்கச்சி. கதவைத் திறக்குமுன் அணிச் சங்கிலியை அவிழ்த்து ஆளுக்கொரு மூலையில் நிறுத்துங்கள். தீக்குண்டுக்கு ஆறுமுகப் பகடை 8 உருளும். அது ஒருத்தர் மேல் மட்டும் விழுந்தால் தாங்கலாம்.

உங்கள் மந்திரவாதி 5-ஆம் லெவலைத் தொட்டதும் கவுன்டர்ஸ்பெல் எடுத்தாக வேண்டும், இதில் பேச்சே இல்லை. 3-ஆம் நிலை வரைக்குமான வித்தை எதுவானாலும் அது கேள்வி கேட்காமல் அணைத்துவிடும். தீக்குண்டு 3-ஆம் நிலைதான். அதற்கு மேற்பட்ட வித்தை என்றால் பகடை உருட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான். எதிரிக்கும் இதே சட்டம். அவனிடமும் கவுன்டர்ஸ்பெல் இருந்தால் முதலில் ஒரு சில்லறை வித்தையை வீசுங்கள். அவன் அதை அணைத்து ஏமாந்த பிறகு பெரிதை எடுங்கள். இந்தத் திருட்டுத்தனத்தில் வருகிற சந்தோஷம் எனக்கு ஜெயிப்பதில்கூட வருவதில்லை.

மதகுரு இருந்தால் சைலன்ஸ் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் வாய் திறந்து மந்திரம் சொல்ல முடியாது. அவன் வெளியே நடந்து வரப் பார்ப்பான், வாசலில் உங்கள் வாள்காரனை நிறுத்துங்கள். ஏற்கெனவே ஒரு வித்தையை மனதை ஒருமுகப்படுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்றால் பெரிய அடி ஒன்றைவிடச் சின்ன அடி பல நல்லது. ஒவ்வொரு அடிக்கும் அவன் தனித்தனியாகத் தாங்கிக் காட்ட வேண்டும், தவறினால் பிடித்திருந்த வித்தை கலைந்துவிடும். மேஜிக் மிஸைலின் மூன்று அம்புக்கும் மூன்று சோதனை. எந்தச் சோதனையிலும் 10-க்குக் குறையாமல் வந்தாக வேண்டும்.

மாடி விளிம்பில் நின்றால் இதெல்லாம் எதற்கு? ஓடிப் போய் ஒரு தள்ளு. பாதாளத்தில் விழுந்தால் அவன் வைத்திருந்த நல்ல சாமானும் சேர்ந்து போய்விடும், அந்த நஷ்டத்துக்குத் துணிந்தால் செய்யுங்கள்.

கேள்வி: ஓய்வுக்குப் பின் பேரன் உபயத்தில் பால்டர்ஸ் கேட் 2 பழகிவருகிறேன். மந்திரவாதியை ஆறு பேர் சுற்றி நின்று வெட்டியும் ‘ஆயுதம் பலிக்கவில்லை’ என்றே எழுத்து வருகிறது. மாய வாள்தான் வைத்திருக்கிறோம். இது நியாயமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவிபட்டினம்

பதில்: நியாயம்தான் சார், உங்களிடம் மாய வாள் இருப்பதுதான் கோளாறு. அவன் போட்டிருப்பது மாய ஆயுதங்களை மட்டும் தடுக்கிற காப்பு. மூட்டையில் கிடக்கும் சாதாரண இரும்புக் கத்தியை எடுத்தால் படும். அதற்கு அடியில் கல்தோல் இருக்கலாம், அது அடிக்கு ஒரு அடுக்காக உரியும். மாயக் காப்பு 4 சுற்றுதான் நிற்கும். வேறு அறைக்குப் போய்விட்டு வந்தாலும் தீர்ந்தது கதை.

2000-இல் வந்த இந்த ஆட்டத்துக்கு இணையாக மந்திரவாதிச் சண்டையை இன்றுவரை யாரும் செய்யவில்லை என்பேன், மற்ற கேள்விக்காரர்கள் கோபித்தாலும் சரி. இங்கே மந்திரவாதியின் பலம் அவன் வீசுவதில் இல்லை, போர்த்திக்கொண்டிருப்பதில். வரிசையாகக் கழற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாமலோ நாலைந்து உருவமாகவோ நின்றால் முதலில் ட்ரூ சைட். பிறகு வித்தை தடுக்கும் காப்பை ரூபி ரே போன்ற ஒன்றால் உடையுங்கள். கடைசியாக பிரீச் போட்டால் கல்தோலும் ஆயுதக் காப்பும் ஒருசேரப் போகும். வரிசை மாறினால் பிரீச் வீண்.

இத்தனை மனப்பாடம் முடியாது என்றால் கோயில் வட்டாரத்துச் சாக்கடைக்குள் இறங்கி கெல்டோர்னைக் கூட்டி வாருங்கள். அவர் இன்க்விசிட்டர், மந்திரவாதிகளை வேட்டையாடுகிற வீரர். மாயை கலைக்கிற வித்தையை அவர் தன் லெவலைப் போல இரு மடங்கு வலுவில் போடுவார். ஒரு தடவை கையைத் தூக்கினால் எதிரி போர்த்தியிருப்பதில் பலதும் உதிர்ந்துவிடும்.

கேள்வி: பெரிய சண்டை நடக்கும்போதுதான் வோல்டேஜ் விழுகிறது. கம்ப்யூட்டரும் அடிக்கடி ஆன் ஆகமாட்டேன் என்கிறது.
— பாம்பன் வாசகர்

பதில்: வோல்டேஜுக்கு யுபிஎஸ், வேறு வழியில்லை. ஆன் ஆகாததற்கு உப்புக்காத்துதான் பெரும்பாலும் காரணம். கடல் பக்கத்து ஜன்னலை விட்டு மேசையை நகர்த்துங்கள். கடைக்காரரிடம் ராம் பட்டைகளைக் கழற்றி, கால்களைத் துடைத்து மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் ‘மந்திரவாதியைக் கொன்னுட்டு வர்றேம்மா’ என்கிறான். சோறு ஆறிப் போகிறது. நிஜமாகவே நடுவில் நிறுத்த முடியாதா?
— ஒரு தாய், தொண்டி

பதில்: எந்த ஆட்டம் என்று கேளுங்கள் அக்கா. நாலு பேரோடு நெட்டில் ஆடுவது என்றால் நடுவில் எழுந்து வரமுடியாது, கூட ஆடுகிற பிள்ளைகள் தோற்றுப்போவார்கள். அதற்குச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கெடு வையுங்கள். இந்தப் பக்கத்தில் மேலே சொன்ன மூன்றில் ஒன்றைத் தனியாக ஆடுகிறான் என்றால் சாக்குச் சொல்கிறான். ஸ்கைரிமில் மெனுவைத் திறந்தாலே மந்திரவாதி தூக்கின கை தூக்கினபடி நின்றுவிடுவான். நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள்.