வாழ்த்து அட்டையில் ஓர் ஒற்றுப்பிழை

அன்புள்ள ஐயா,

நான் பர்மாவில் பெகு நகருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, 20 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன். கோயில் மண்டபத்தில் மாலை வேளைகளில் எங்கள் எல்லோருக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஐயா, இப்போது 86 வயதில் அதே ஊரில் தனியாக இருக்கிறார். தமிழ்க் குடும்பங்கள் என்று அங்கே மீதமிருப்பவை 30 வீடுகள்தாம். வரும் பொங்கலுக்கு வெளியூர்களில் இருக்கும் நாங்கள் அவருக்கு வாழ்த்து அட்டைகள் அனுப்பலாம் என்றேன். இந்தக் காலத்தில் அட்டை எதற்கு, பணமாகத் திரட்டிக் கொடுத்துவிட்டு வாழ்த்தை வாட்ஸ்அப்பில் சொல்லிவிடலாம் என்கிறார்கள் சிலர். எங்கள் பிள்ளைகளுக்கோ தமிழ் எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்புங்கள். பணமும் திரட்டுங்கள், அரிசியும் மருந்தும் இங்கே விற்கிற விலை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் இரண்டையும் ஒரே உறையில் வைக்க வேண்டாம். பணத்தோடு சேர்ந்து வந்தால் அட்டை ரசீதாகிவிடும். வாட்ஸ்அப் வாழ்த்தை, மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியில் காட்டிவிட்டுப் போய்விடுவான். அட்டையோ அவர் தலைமாட்டில் கிடக்கும். வேண்டும்போது எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொள்ளலாம்.

எனக்குத் தமிழ் சொல்லித்தந்தவரும் ஒரு கோயில் வாத்தியார்தான். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, இந்நாட்டில் தமிழ் எழுத்து பெரும்பாலும் கோயில்களின் நிழலில்தான் பிழைத்துக் கிடந்தது. அவருக்கு ஒரு பொங்கலின்போது, சென்னையிலிருந்து வந்த உறவினர் கொடுத்த, கரும்பும் காளையும் அச்சிட்ட அட்டையில் ‘இனிய பொங்கல் வாழ்த்துக்கள்’ என்று எழுதி ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். பத்து நாள் கழித்து அதே அட்டை என்னிடமே திரும்பி வந்தது. நடுவிலிருந்த ‘க்’ மீது சிவப்பு மையில் ஒரு வட்டம். ஓரத்தில், கை நடுங்கினாலும் வரி பிசகாத எழுத்தில், ‘ஒற்றைச் சேர்த்தால் குடிக்கிற கள் ஆகிவிடும். நலமா?’ என்று எழுதியிருந்தார். அப்போது எனக்கு வயது ஐம்பது. (அந்த ஒற்று இருந்தாலும் தவறில்லை என்று வாதிடும் இலக்கண அறிஞர்கள் உண்டு. அதை அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.) மறு ஆண்டு வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டு அனுப்பினேன். ‘இது கவனக்குறைவு அன்று, குறும்பு’ என்று பதில் வந்தது.

ஆகவே பிள்ளைகளின் தடுமாற்றத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர்களையே எழுத விடுங்கள்; தயவுசெய்து நீங்கள் திருத்தாதீர்கள். லகர ளகரம் மாறிய ஓர் அட்டை கையில் கிடைத்தால், தம் மாணவர்களின் பிள்ளைகளும் தமக்கு மாணவர்களே என்பது அந்த மனிதருக்கு யாரும் சொல்லாமலே விளங்கும். அட்டையில் அச்சடித்த வாழ்த்தோடு நிறுத்தாமல், யார் மகன், எந்த வீடு, மண்டபத்தில் எந்தத் தூணருகே உட்கார்ந்தவன் என்பதை எழுதுங்கள். 86 வயதில் பெயர்கள் நழுவிப்போகலாம். உட்கார்ந்த இடம் நினைவிருக்கும். கறுப்பு மையில், பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் எழுதினால் போதும்.

எல்லா அட்டைகளையும் பொங்கலன்றே கொண்டுபோய்க் குவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாள் திருவிழாவாக இருந்துவிட்டு மறுநாளிலிருந்து ஓர் ஆண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடும். பர்மாவில் வாழும் நமக்கு நாள்களுக்கா பஞ்சம்? சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் பர்மியப் புத்தாண்டுத் திருவிழாவான திங்யானில், சீயக்காயும் தயோ மரப்பட்டையும் ஊறவைத்த நீரால் இளையவர்கள் பெரியவர்களுக்குத் தலை கழுவிவிடுகிறார்கள். பெரும்பாலும் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னதாக வரும் தடின்ஜுட் விளக்குத் திருவிழாவிலோ பெற்றோரையும் ஆசிரியரையும் தேடிப்போய்க் கும்பிடுகிறார்கள். புத்தர், தருமம், சங்கம், பெற்றோர் என்னும் வரிசையில் ஐந்தாவதாக ஆசிரியரை வைத்து வணங்கும் மக்களிடையே வாழ்ந்துகொண்டு, நம் வாத்தியாருக்குப் பொங்கல் ஒன்றை மட்டும் ஒதுக்குவது கஞ்சத்தனம். குடும்பங்களைப் பிரித்துக்கொண்டு பொங்கலுக்குச் சிலரும், சித்திரைக்குச் சிலரும், தடின்ஜுட்டுக்கும் தீபாவளிக்கும் மற்றவர்களுமாக அனுப்புங்கள்.

உள்ளூரில் இருக்கும் 30 வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றாடம் அவருக்குச் சோறும் வெந்நீரும் கொடுப்பவர்கள் அவர்கள். வெளியூர் அட்டைகளின் வரவு அவர்களுக்குக் குத்தலாகப் பட்டுவிடக் கூடாது. அவர்களில் ஒருவர் உடனிருந்து வாசித்துக் காட்டட்டும். ஊருக்குப் போகிறவர் எவராவது இருந்தால் அஞ்சலை நம்பாமல் அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். கூடவே இரண்டு சிவப்பு மைப் பேனாக்களும் போகட்டும்.

அன்புடன்.