எதை வாசிக்கலாம், ரீச்சர்? போயா நாள் கேள்வி பதில்

போன போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் ஒரு பிஸ்கட் ரின்னை வைத்து, விரும்பியவர்கள் கேள்வியைத் துண்டில் எழுதிப் போடச் சொன்னார்கள். பள்ளிக்கூட நூலகத்தோடு முப்பது வருடம் கிடந்தவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. பாதியில் மழை பிடித்துக்கொண்டது, எல்லாரும் எழும்பிவிட்டோம். அன்று சொன்னதையும் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை.

கேள்வி: ரீச்சர், நான் ஏ.எல். (உயர்தரம்) பரீட்சைக்குச் சித்திரம் எடுக்கிறேன். வான் கோ பற்றி ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கோ. பரீட்சைக்கு இல்லை, எனக்கு.

பதில்: "எனக்கு" என்று நீ எழுதியதுதான் சந்தோஷம், பிள்ளை. எல்லாரும் முதலில் தூக்கித் தருவது இர்விங் ஸ்டோனின் 'லஸ்ட் ஃபோர் லைஃப்'. 1934 இல் வந்தது. நல்ல வேகமாக ஓடும், படிப்புக்கு நடுவிலும் வாசித்து முடிக்கலாம். ஆனால் அது நாவல். ஸ்டோன் பக்கத்தில் நின்று பார்த்தவர் அல்ல. வான் கோ தன் தம்பி தேயோவுக்கு எழுதிய கடிதங்களை வைத்துக்கொண்டு, தெரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பினார். ஆகவே நாவலை மூடிய கையோடு கடிதங்களுக்குப் போ.

அந்தக் கடிதங்கள் தப்பிய கதையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. வான் கோ 1890 ஜூலையில் இறந்தார். ஆறு மாதத்தில் தேயோவும் போய்விட்டார். தேயோவின் மனைவி ஜொஹானாவின் கையில் மிஞ்சியது ஒரு வயதும் நிரம்பாத ஆண்பிள்ளை, ஆரும் வாங்காத ஓவியங்கள், கட்டுக் கட்டாகக் கடிதங்கள். அந்தப் பெண் ஊர் மாறிப்போய், வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு உழைத்தார். பெரும்பாலும் திகதியே இல்லாத அந்தக் கடிதங்களை வரிசைப்படுத்தி 1914 இல் அச்சில் கொண்டுவந்தார். வான் கோவை இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரிய பங்கு அவருடையது.

கடிதங்களில் ஒரு பைத்தியக்கார மேதையைத் தேடாதே. வாடகைக் காசு, சாயம் வாங்கக் காசு, இந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் எந்த நீலம் என்ற கவலை, இவைதான் நிறைய இருக்கும். எழுதிக்கொண்டு போகும்போதே கடிதத்துக்குள் சின்னதாகப் படமும் கீறிக் காட்டுவார். 1885 இல் அவர் தீட்டிய படம் ஒன்றில், விளக்கு வெளிச்சத்தில் ஒரு குடும்பம் உருளைக்கிழங்கு சாப்பிடுகிறது. மண்ணைக் கிண்டிய அதே கையைத்தான் இவர்கள் இப்போது கோப்பைக்குள் வைக்கிறார்கள், அதைக் காட்டவே வரைந்தேன் என்று தேயோவுக்கு எழுதுகிறார். செம்பாட்டு மண்ணில் கிழங்கு கிண்டுகிற கைகளைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அந்தக் கடிதம் உனக்கு விளங்கிய மாதிரிப் பாரிஸ்காரருக்கும் விளங்கியிராது. வான் கோ அருங்காட்சியகம் கடிதங்கள் முழுவதையும் ஆங்கிலத்தில் படங்களோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. போனிலேயே வாசிக்கலாம்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் ஓடாது. தமிழில் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறு என்று ஏதும் உருப்படியாக இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, அக்கா. உ.வே.சாமிநாதையரைச் சுவடி பதிப்பித்தவர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர் பாட்டுக்காரர்களின் வாழ்க்கையையும் எழுதியிருக்கிறார். கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர், கோபாலகிருஷ்ண பாரதியார் என்று மூன்று பேர். சின்னப் புத்தகங்கள், கதை கேட்கிற மாதிரி வாசிக்கலாம்.

அதில் பாரதியாரைப் பற்றியதை எடுக்கும்போது ஒரு விஷயத்தை நினைவில் வைத்திருங்கள். சாமிநாதையர் மாயூரத்தில் மாணவனாக இருந்தபோது பாரதியாரிடம் சங்கீதம் படிக்கத் தொடங்கினார். அவருடைய குரு மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. பையன் சங்கீதத்தை விட்டுவிட்டார். எத்தனையோ வருடம் கழித்து, விட்டுவந்த அந்த ஆசிரியரின் வாழ்க்கையைத் தானே உட்கார்ந்து எழுதுகிறார். கோபமும் இல்லை, குருவின்மேல் குறையும் இல்லை. எனக்கு அந்தப் புத்தகம் முழுக்க ஒரு கடன் தீர்க்கிற குரல் கேட்கும்.

அதோடு 'என் சரித்திரம்'. ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942 இல் அவர் இறந்ததால் முடியாமல் நின்றது. என்னிடம் இருந்த பிரதியை 1995 போர்க்கால இடப்பெயர்வில் அலுமாரியில் விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்து திறந்தால் நடுப்பகுதியைக் கறையான் தின்று மண் ஆக்கியிருந்தது. தொட்டால் உதிர்ந்தது. கறையான் தின்ற ஏடுகளைத் தேடித் திரிந்த மனிதரின் கதையல்லவா என்று அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பிறகு வேறு பிரதி வாங்கினேன். பழையதையும் எறியவில்லை.

நடனம் என்றால் பாலசரஸ்வதி. டக்ளஸ் நைட் ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறு தமிழிலும் வந்திருக்கிறது. எழுதியவர் அவருடைய மகளைக் கட்டிய மருமகன். வீட்டுக்குள் இருந்து பார்த்தவர் என்பதால் கிடைக்கிற நெருக்கமும் உண்டு, மருமகன் என்பதால் வருகிற அன்பும் உண்டு. இரண்டையும் மனதில் வைத்து வாசியுங்கள்.

கேள்வி: எங்கட ஊர் ஆட்களைப் பற்றி?

பதில்: டொமினிக் ஜீவாவின் தன்வரலாறு, 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்'. யாழ்ப்பாணத்தில் சலூனில் முடிவெட்டிய மனிதர் 1966 இல் 'மல்லிகை' என்ற சஞ்சிகையைத் தொடங்கி, தானே கொண்டு திரிந்து விற்று, பல பத்து வருடம் நடத்தினார். சாதி அவருக்கு என்ன செய்தது என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நாங்கள் நடந்து திரிகிற அதே ரோட்டுகள்தான் அதில் வருகின்றன. வாசித்த பிறகு அந்த ரோட்டுகளில் எனக்கு நடை கொஞ்சம் தயங்கியது.

தவிலுக்கு யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி இருக்கிறார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்தை முதலில் பாருங்கள். வாசிப்புக்கு முன் காது திறக்க வேண்டிய விஷயம் அது.

கேள்வி: யாழ்ப்பாண வரலாறு வாசிக்க ஆசை. 'யாழ்ப்பாண வைபவமாலை' என்ற பழைய நூலில் இருந்து தொடங்கலாமா? அதை நம்பலாமா?

பதில்: தொடங்கலாம், ஐயா. நம்பலாமா என்பதை விட, ஆர் கேட்டு ஆர் எழுதியது என்று பார்த்துக்கொண்டு வாசித்தால் நல்லது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்க மயில்வாகனப் புலவர் எழுதியது. அதிகாரிக்கு விளங்கவேண்டும், ஊரின் பெருமையும் குறையக்கூடாது. இந்த இரண்டு பாரத்தையும் அந்த நூல் சுமக்கிறது. யாழ்பாடி என்ற பாணர் மணற்றிடர் என்ற இந்த நிலத்தைப் பரிசாகப் பெற்ற கதையும் அரச பரம்பரையும் ஒரே மூச்சில் வரும். அதை முடித்துவிட்டுச் சுவாமி ஞானப்பிரகாசரின் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' எடுங்கள். 1928 இல் வந்தது. மாலையில் இருக்கிற ஒவ்வொரு பூவையும் பிரித்துப் பார்ப்பார். பிறகு முதலியார் இராசநாயகத்தின் 'யாழ்ப்பாணச் சரித்திரம்' (1933). மூவரும் ஒருவரோடு ஒருவர் வழக்காடுவதைக் கேட்டால்தான் வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று பிடிபடும்.

இன்னும் பழைய காலத்துக்குப் போக கா.இந்திரபாலாவின் 'இலங்கையில் தமிழர்'. தன் இளமைக்கால ஆய்வின் முடிவுகள் சிலவற்றைத் தானே மாற்றிக்கொண்டு எழுதியவர். அந்த நேர்மைக்காகவே வாசிக்கலாம். கொஞ்சம் கனமான நூல், ஆறுதலாக வாசியுங்கள்.

வெளியாட்கள் எழுதியதில் இரண்டு. ஒன்று ரொபர்ட் நொக்ஸ். 1660 இல் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி அரசில் 19 வருடம் போலக் கைதியாகக் கிடந்தவர். கட்டிப்போட்ட கைதி அல்ல. ஊருக்குள் இருந்து தொப்பி பின்னி விற்றுச் சீவித்தார். ஒரு நாள் ஒரு கிழவர் ஆங்கில பைபிள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறார். பார்த்ததும் நொக்ஸுக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வருகிறது. ஆனால் ஆசை முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடுமே என்ற பயம். கடைசியில் ஒரு பின்னல் தொப்பியைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிவிடுகிறார். 1679 இல் காடு வழியாக நடந்து மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். புத்தகம் 1681 இல் லண்டனில் அச்சாயிற்று.

மற்றது லெனார்ட் வுல்ஃபின் 'க்ரோயிங்'. 1905 இல் இளம் அதிகாரியாக எங்கள் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (அரச அலுவலகத்துக்கு) வேலைக்கு வந்தவர். வர்ஜினியா வுல்ஃபைக் கட்டியது பிறகு. கோட்டை மதில்மேல் இருந்த பங்களாவில் இருந்தார். ஒரு நாள் குதிரையில் இருந்துகொண்டு எதையோ சவுக்கால் காட்டப்போய், ஒரு தமிழ் வழக்கறிஞரின் முகத்தில் வேண்டுமென்று அடித்ததாக முறைப்பாடு போய்விட்டது. நான் அடிக்கவில்லை என்கிறார். ஆனால் அவர்களுடைய பெரிய தெருவில் நான் அந்தத் திமிரோடு குதிரையில் இருந்ததே கன்னத்தில் அறைந்ததற்குச் சமம்தான் என்றும் பிற்காலத்தில் எழுதுகிறார். ஆட்சி செய்தவனின் பக்கத்தில் இருந்தே இப்படி ஒரு வரி வருவது லேசான காரியம் இல்லை.

கேள்வி: ரீச்சர் கோவிக்கக்கூடாது. வெள்ளைக்காரரின் காதல் கதைகள் பிடிக்கும். அம்மா திட்டுவா. நல்லதாக ஒன்று சொல்லுங்கோ.

பதில்: ஏன் கோவிக்க வேண்டும், தங்கச்சி? காதல் கதை வாசித்து ஆரும் கெட்டதை நான் காணவில்லை.

ஜேன் ஒஸ்டினில் எல்லாரும் 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' சொல்வார்கள். நல்லதுதான். உனக்கு நான் தருவது 'பர்சுவேஷன்', அவர் இறந்த பிறகு வெளிவந்த நாவல். ஆன் என்ற பெண்ணுக்கு 27 வயது. எட்டு வருடத்துக்கு முன் ஒரு கடற்படைக்காரனை விரும்பினாள். காசில்லை, எதிர்காலம் தெரியாது என்று பெரியவர்கள் சொல்ல, மாட்டேன் என்று அனுப்பிவிட்டாள். இப்போது அவன் பணக்காரனாகத் திரும்பி வந்து நிற்கிறான். "உன் நன்மைக்குத்தானே சொல்கிறோம்" என்ற வசனத்தைக் கேட்காத வீடு யாழ்ப்பாணத்தில் உண்டா? கடைசிப் பகுதியில் ஆன் இன்னொருவரோடு, ஆண் பெண் இருவரில் ஆருக்கு அன்பு நீடிக்கும் என்று கதைத்துக்கொண்டிருக்கிறாள். அதே அறையில் மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறவனின் பேனை கீழே விழுகிறது. அந்தச் சத்தத்தில் இருந்து மிச்சத்தை நீயே வாசி. அம்மாவுக்கும் கொடு.

இரண்டாவது மேற்கு நாட்டுக் கதை அல்ல, ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா', கிர்கீசியக் கதை, 1958. தமிழில் உண்டு, ஒரே இருப்பில் முடியும். போர்க்காலம், புருஷன் போர்முனையில். ஜமீலாவும் கொழுந்தன் பையனும், போரில் கால் பழுதாகி வந்த தானியார் என்பவனும் வண்டியில் தானியம் ஏற்றிக்கொண்டு ரயில் நிலையம் போவார்கள். விளையாட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து மிகப் பெரிய மூட்டை ஒன்றைத் தானியாரின் வண்டியில் போட்டுவிடுகிறார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் அதை முதுகில் தூக்கி, நொண்டிக்கொண்டு, சரிவான பலகையில் ஏறுகிறான். கீழே நிற்கிறவர்களின் சிரிப்பு நின்றுவிடுகிறது. போட்டுவிடு என்று கத்துகிறார்கள். அவன் போடவில்லை. ஜமீலாவின் மனம் எப்போது திரும்பியது என்று கேட்டால் நான் அந்தப் பலகையைத்தான் காட்டுவேன்.

இதைச் சொல்வது ஜமீலாவும் அல்ல, தானியாரும் அல்ல. பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பையன், வளர்ந்து ஓவியனான பிறகு சொல்கிறான். சித்திரம் படிக்கிற பிள்ளையும் இதை எடுக்கலாம்.

கேள்வி: டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் சேர்த்து வளர்ந்தவன் நான். கௌபாய் கதையில் காதலும் சேர்ந்த நாவல் இருக்கா?

பதில்: இருக்கு, தம்பி. ஓவன் விஸ்டரின் 'தி வேர்ஜீனியன்', 1902. வயோமிங்கில் மாடு மேய்க்கிறவனுக்கும் கிழக்கில் இருந்து படிப்பிக்க வந்த ரீச்சருக்கும் காதல். அவள் அவனுக்குப் புத்தகம் இரவல் கொடுப்பாள், அவன் ஷேக்ஸ்பியரை வாசித்துவிட்டுத் தன் அபிப்பிராயம் சொல்வான். எனக்கு ஏன் பிடிக்கும் என்று இனிச் சொல்லத் தேவையில்லை. சேன் கிரேயின் 'ரைடர்ஸ் ஒஃப் த பேர்பிள் சேஜ்' (1912) துப்பாக்கியும் பள்ளத்தாக்குமாகப் போகும். இந்தப் பழைய கதைகள் மண்ணின் சொந்தக்காரரான பழங்குடிகளை நியாயமாகக் காட்டுவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு வாசி.

கேள்வி: பத்து வயது மகனுக்கு உலக வரலாறு?

பதில்: கொம்பிரிச் எழுதிய 'எ லிட்டில் ஹிஸ்டரி ஒஃப் த வேர்ல்ட்'. 1935 இல் வியன்னாவில், ஆறே கிழமையில் எழுதி முடித்தாராம். பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக் கதைக்கிற நடை. இராவில் ஒரு அத்தியாயம் நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: இதெல்லாம் எங்கே எடுக்கிறது? விலை கேட்டால் தலை சுத்துது.

பதில்: நொக்ஸ், ஒஸ்டின், விஸ்டர், சேன் கிரே எல்லாம் 'புரொஜெக்ட் குட்டன்பேர்க்' இணையத்தளத்தில் இலவசம். எங்கள் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் 'நூலகம்' இணையத்தளத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, மல்லிகை இதழ்களும் அதில் உண்டு. 1981 இல் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. ஆகவே வீட்டில் பழைய புத்தகமோ ஏடோ மலரோ இருந்தால், பழைய பேப்பர்காரனுக்குப் போட முன் 'நூலகம்' தளத்தாரிடம் காட்டுங்கள். கட்டாயம்.

'ஜமீலா' என்னிடம் இரண்டு பிரதி இருந்தது. ஒன்றை வாசிகசாலை அலுமாரியின் இரண்டாம் தட்டில் வைத்திருக்கிறேன். எடுக்கிறவர்கள் கொப்பியில் பெயர் எழுதிவிட்டு எடுங்கள்.