எந்த விரதம், அம்மா?

கேள்வி: என் மகன் வேல்ஸில், ஸ்வான்ஸீ நகரில் டாக்டராக இருக்கிறான். மருமகள் அந்த ஊர்ப் பெண். நானும் கணவரும் இரண்டாம் முறையாக அங்கே போகிறோம். போன தடவை இங்கிருந்து கொண்டுபோன பொடிகளை வைத்தே ஒப்பேற்றினோம். சம்பந்தியம்மா ஆட்டுக்கறி போட்டு ஏதோ செய்து கூப்பிட்டார். விரதம் என்று சொல்லிவிட்டேன். அவர் கொடுத்தனுப்பியதை மகன்தான் ராத்திரி அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டான். நான் அசைவம், கணவர் சைவம். இந்த முறை அந்த ஊர்ச் சாப்பாட்டில் எதையெல்லாம் ருசி பார்க்கலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் பெற்றோரிடமிருந்து இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் மகன் ஏன் நின்றபடி சாப்பிட்டான்?

அது அவன் வீடு. சாப்பாடு அவன் மாமியார் கொடுத்தனுப்பியது. அதை மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல், நீங்கள் தூங்கும்வரை காத்திருந்திருக்கிறான். நீங்கள் சொன்ன பொய்யை அவன் காப்பாற்ற வேண்டியிருந்தது. அசைவம் சாப்பிடுகிறவர் நீங்கள். எந்த விரதம், அம்மா? மருமகளுக்கு இது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

அந்த அம்மா செய்தது 'ஏதோ' இல்லை. அதன் பெயர் கவுல். வேல்ஸ் வீடுகளின் ஆதி உணவு. ஆட்டுக் கழுத்துக்கறியை எலும்போடு மெல்லிய தீயில் வேகவிட்டு, உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப் எல்லாம் சேர்ப்பார்கள். வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த லீக் இல்லாமல் கவுல் கிடையாது. பல வீடுகளில் முந்தின நாளே வைத்து ஆறவிடுவார்கள். மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, மறுநாள் சூடாக்கிப் பரிமாறுவார்கள். கூடவே ரொட்டியும் கேர்ஃபிலி சீஸும். மார்ச் 1, வேல்ஸின் காவல் புனிதரான டேவிட்டின் தினத்தன்று அங்கே இதுதான் விசேஷச் சாப்பாடு. பெண் கொடுத்த வீட்டில் ஆக்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டால் ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். உங்கள் அம்மா உங்களை அப்படித்தான் வளர்த்திருப்பார். காரம் இருக்காதுதான். மிளகுத்தூள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, மருமகளோடு ஸ்வான்ஸீ சந்தைக்குப் போங்கள். அங்கே லேவர்பிரெட் கிடைக்கும். பாறையில் வளரும் கடற்பாசியைப் பல மணி நேரம் வேகவைத்துக் குழைத்தது. பார்க்கக் கறுப்பாக, கொழகொழவென்று இருக்கும், முகம் சுளிக்காதீர்கள். ஓட்ஸ் மாவு சேர்த்துத் தட்டிப் பொரித்து, மட்டி என்னும் சிப்பியோடும் பன்றி இறைச்சியோடும் காலையில் சாப்பிடுவார்கள். அந்த மட்டிக்குப் பேர்போன ஊர் பக்கத்திலுள்ள பென்க்ளவுத். ஒரு காலத்தில் அந்த ஊர்ப் பெண்கள் கடல் வற்றும் நேரத்தில் கழுதைகளோடு ஈர மணலில் இறங்கி, குனிந்து மட்டி வாரி, சந்தைக்குக் கொண்டுவந்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். சந்தையில் மட்டிக் கடைகளைப் பார்க்கும்போது அந்தப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் முட்டை சாப்பிடுவார் என்றால் க்ளமார்கன் சாசேஜ் ஏற்றது. பெயர் சாசேஜ் என்றாலும் சீஸ், லீக், ரொட்டித்தூள், சேர்ந்து பிடிக்க முட்டை, அவ்வளவுதான்; கறி கிடையாது. தேநீரில் ஊறவைத்த உலர்திராட்சை போட்டுச் செய்யும் பாரா ப்ரித்தை வெண்ணெய் தடவிக் கொடுக்கலாம். அதிலும் முட்டை சேர்ப்பார்கள். அவர் சாப்பிடுவாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெல்ஷ் கேக்கை நம் தோசைக்கல் போன்ற கனத்த இரும்புக் கல்லில்தான் சுடுவார்கள். பழைய முறைப்படி பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. வெண்ணெயில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். ரொட்டியின் மேல் சீஸை உருக்கி ஊற்றும் ரேர்பிட்டில் வூஸ்டர் சாஸ் விடுவார்கள். அதில் நெத்திலி வகை மீன் உண்டு. பீரும் சேர்ப்பது வழக்கம். அதையும் கேளுங்கள். அவர் சாப்பிடமாட்டார் என்றால், 'இவர் சைவம்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதில் யாருக்கும் வருத்தம் வராது.

பொடி டப்பாக்களில் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு முன் சம்பந்தியம்மாவுக்கு நீங்களே போன் செய்யுங்கள். மகனைத் தூது விடாதீர்கள். 'போன தடவை சாப்பிடாமல் வந்துவிட்டேன், தப்புதான். இந்த முறை நீங்கள் கவுல் வைக்கும்போது நானும் கூட இருந்து கற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மருமகளை அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். அன்றைக்கு எல்லாரும் ஒரே மேசையில் உட்காருங்கள், உங்கள் மகனுக்கு நீங்களே பரிமாறுங்கள்.