வலிக்கும் இடம் ஒன்று, பழுது வேறிடம்: உடல் உறுப்புகள் பற்றிய கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. பாடப் புத்தகத்தில் செரிமான மண்டலத்துக்கு ஒரு படம், நரம்பு மண்டலத்துக்கு ஒரு படம் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். உடம்புக்குள் அப்படிச் சுவர் எதுவும் கிடையாது. அதனால் வயிற்றைக் கேட்டால் பதில் தோளில் போய் நிற்கும்.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்: கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த ராத்திரியெல்லாம் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது. வலி வலது தோள்பட்டை வரை ஏறுகிறது. ஸ்கேனில் பித்தப்பைக் கல் என்றார்கள். கல் வயிற்றில் இருக்க, தோள் ஏன் வலிக்கிறது?

ஆச்சி, பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. பித்தப்பை அதைச் சுண்டவைத்துச் சேர்த்து வைக்கும் இடம்தான், 30 முதல் 50 மில்லி பிடிக்கும். நெய்யும் எண்ணெயும் சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்து சேர்ந்ததும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். அது பித்தப்பையைச் சுருங்கச் சொல்லும். வெளியேறும் குழாயில் கல் நின்றால், சுருங்கச் சுருங்க உள்ளே அழுத்தம் ஏறும். சாப்பிட்ட உடனே வராமல் ஓரிரு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில் வலிப்பது இதனால்தான்.

தோளுக்கு வருவோம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோள்பட்டைத் தோலின் உணர்வும் கழுத்துத் தண்டுவடத்தின் அதே பகுதிக்குத்தான் போய்ச் சேர்கிறது. பித்தப்பை வீங்கி உதரவிதானத்தை உரசும்போது மூளைக்கு எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கத் தெரியாமல், தோள் கணக்கில் எழுதிவிடும். அங்கே தைலம் தேய்த்துப் பயனில்லை.

வலி ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், காய்ச்சலும் குளிரும் வந்தால், கண் மஞ்சளித்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. தொந்தரவே தராத கல்லைப் பொதுவாக விட்டுவைக்கலாம். உங்களுடையது அந்த வகை இல்லை, சர்ஜனைப் பாருங்கள். பித்தப்பையை எடுத்தாலும் கல்லீரல் பித்தநீரை நேரே குடலுக்கு அனுப்பும், செரிமானம் நடக்கும்.

காரைக்குடியிலிருந்து: எங்கள் வீட்டுச் சமையலில் மிளகாய் தூக்கல். அல்சர் வந்துவிடுமா?

மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. அதிலுள்ள கேப்சைசின் சூட்டை உணரும் நரம்பு முனையில் போய் ஒட்டிக்கொள்கிறது. எரிகிற மாதிரி இருக்குமே தவிர அங்கே எதுவும் வேகவில்லை. அது நீரில் கரையாது, அதனால் தண்ணீரைவிட மோர் நன்றாக வேலை செய்யும். அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, டைக்லோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை. கிருமியைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிச்சலோ இருப்பவருக்குக் காரம் தொந்தரவைக் கூட்டும், அது வேறு விஷயம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து: அண்ணனுக்கு 52 வயது, சர்க்கரை உண்டு. மேல்வயிற்றில் அழுத்தம், வேர்வை, குமட்டல். வாயு என்று சோடா குடிக்கிறார்.

சோடாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், இது மாரடைப்பாக இருக்கலாம். இதயத்தின் அடிப்பக்கம் உதரவிதானத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரத்தம் தடைபட்டால் வலி மேல்வயிற்றில் தெரியும், குமட்டும். சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு மந்தமாகி நெஞ்சுவலியே இல்லாமலும் போகும். 108ஐக் கூப்பிடுங்கள், வண்டியை அவர் ஓட்டக்கூடாது. ஆஸ்பிரின் அலர்ஜியும் ரத்தக்கசிவும் இல்லையென்றால் 300 மில்லிகிராம் மென்று விழுங்கலாம். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து ஈசிஜியையும், இதயத் தசை பழுதானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினையும் மறுபடி பார்க்க வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து: ஆத்தாவுக்கு 70 வயது, 15 வருஷமாகச் சர்க்கரை, பிரஷர். கிரியேட்டினின் 1.1, நார்மல் என்று லேபில் போட்டிருக்கிறது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்லோஃபெனாக் வாங்கிப் போடுகிறார். கிட்னி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, 178 லிட்டருக்கு மேல் ரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வயதான பெண்ணுக்குத் தசை குறைவு, கழிவும் குறைவு. அதனால் வடிகட்டல் சரிந்தபிறகும் எண் அழகாகவே இருக்கும். அதே 1.1க்கு இப்போது புழங்கும் வாய்ப்பாட்டில் கணக்குப் போட்டால் 30 வயது ஆணின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 90 மில்லிக்கு மேல், உங்கள் ஆத்தாவுக்கு 54 அளவில். 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது சிறுநீரக நோய்.

லேபில் இஜிஎஃப்ஆர், அதாவது இந்த வடிகட்டும் வேகத்தின் கணக்கு, போட்டுத் தரச் சொல்லுங்கள். கூடவே சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். அது கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் வடிகட்டி ஓட்டை விழத் தொடங்கிவிட்டது. கிரியேட்டினின் ஏறுவதற்கு வருஷங்கள் முன்பே இது காட்டிக்கொடுக்கும்.

டைக்லோஃபெனாக்கை நிறுத்த வேண்டும். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைத்திருக்கும் பொருளை அது தடுத்துவிடும், உள்ளே வரத்து குறையும். லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் மாதிரி பிரஷர் மாத்திரை வெளியேறும் குழாயைத் தளர்த்தும். தனியாக இருந்தால் அது சிறுநீரகத்துக்கு நல்லதே. இந்த இரண்டோடு நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்து, ஒரு நாள் வாந்தி பேதியும் ஆனால், சில நாளிலேயே சிறுநீரகம் படுத்துவிடும். மூட்டுக்குப் பாராசிட்டமால், தொடைத் தசைக்குப் பயிற்சி. பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆத்தங்குடி கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் டைல்ஸ்) பட்டறையிலிருந்து: தூசுக்குத் துண்டு கட்டிக்கொண்டால் போதாதா? கை வேறு வெடிக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் தூசை மூக்கும் மூச்சுக்குழாயும் சளியோடு வெளியே தள்ளிவிடும். 5 மைக்ரானுக்குக் கீழே இருப்பதுதான் காற்றறை வரை போகும், துண்டு அதை நிறுத்தாது. காற்றறையில் மணல் துகளை விழுங்கும் காவல் செல் செத்து, அந்த இடம் தழும்பாகும். தழும்புக்கு மருந்து இல்லை. கண்ணாடித் தட்டில் சாயக் கலவை ஊற்றியபின் மேலே தூவும் உலர்ந்த சிமெண்ட்–மணலும், மணல் சலிப்பதும்தான் ஆபத்தான நேரம். என்95 முகக்கவசம் மூக்கோரத்தில் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். தரையை நனைத்தபிறகு கூட்டுங்கள். கை வெடிப்பதற்கு ஈரச் சிமெண்டின் காரத்தன்மை காரணம்: பிஎச் 12க்கு மேல், தோலுக்கோ 5 அளவில். நைட்ரைல் கையுறை போடுங்கள். உள்ளே கலவை புகுந்தால் உடனே கழற்றிக் கழுவுங்கள்.

புதுவயல் அரிசி ஆலையிலிருந்து: வெக்கையில் எவ்வளவு தண்ணீர் குடிப்பது, தம்பிமார் கேட்கிறார்கள்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்கு. கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வேர்வைகூடப் போகும், உப்பும் சேர்ந்து போகும். இடையில் உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ குடியுங்கள். இதயத் தளர்ச்சியோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுதான்.